ஃபார்மட் அடிக்கும் முன் கேபிளைக் கழற்றுங்கள்

கணினி அடிக்கடி ‘ஹேங்’ ஆகிறது என்று சொன்னதும் நமக்குக் கிடைக்கும் முதல் யோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: “ஃபார்மட் அடிச்சு விண்டோஸைப் புதுசா ஏத்திடலாம்.” அதற்கு அரை நாள் போகும். நிறுவிய மென்பொருள்கள் போகும். நகல் எடுத்து வைக்காத கோப்புகளும் போகலாம். இவ்வளவையும் செய்து முடித்து, பழையபடி பிரிண்டரையும் வெளி ஹார்ட் டிஸ்க்கையும் செருகியதும் திரை மறுபடி உறைந்து நின்றால், பழுது இருப்பது கணினிக்கு வெளியே என்பது அப்போதுதான் புரியும். இணைத்த கருவிகளைக் கழற்றிப் பார்க்கக் காசும் வேண்டாம், தொழில்நுட்ப அறிவும் வேண்டாம். அதனால் அதுதான் முதல் சோதனையாக இருக்க வேண்டும்.

ஒரு சின்னக் கருவி கணினியை எப்படி நிறுத்துகிறது?

மூன்று வழிகளில் இது நடக்கிறது. முதல் வழி, காத்திருப்பு. வெளி ஹார்ட் டிஸ்க்கின் ஒரு பகுதி கெட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே உள்ள தரவை விண்டோஸ் கேட்கிறது. டிஸ்க் படிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்கிறது. ஒரு கோரிக்கைக்கு விண்டோஸ் இயல்பாக 60 விநாடி வரை பொறுத்திருக்கும்; பதில் வராவிட்டால் மறுபடியும் கேட்கும். கோப்புறைகளைக் காட்டும் எக்ஸ்ப்ளோரர்தான் டாஸ்க்பாரையும் டெஸ்க்டாப்பையும் நடத்துகிறது. அது அந்தப் பதிலுக்காக நிற்கும்போது கணினியே செத்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் பிராசஸர் அந்த நேரம் சும்மாதான் இருக்கும். நெட்வொர்க் பிரிண்டரிலும் இதே கதை உண்டு. வேர்டு திறக்கும்போது, டீஃபால்ட்டாக வைத்திருக்கும் பிரிண்டரின் விவரங்களைக் கேட்கும். அந்தப் பிரிண்டர் அணைந்து கிடந்தால் வேர்டும் திறக்காமல் நிற்கும்.

இரண்டாவது வழி, டிரைவர். கருவியோடு பேசும் மென்பொருளுக்கு இதுதான் பெயர். சாதாரண மென்பொருள் தடுமாறினால் அதை மட்டும் மூடிவிடலாம். டிரைவர்கள் பலவும் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் ஓடுபவை. அங்கே ஒன்று தடுமாறினால் மொத்த இயந்திரமும் சேர்ந்து விழும். 1998 ஏப்ரல் 20 அன்று சிகாகோவில் நடந்த காம்டெக்ஸ் கண்காட்சியில் இதைப் பலரும் நேரிலேயே பார்த்தார்கள். மேடையில் பில் கேட்ஸ் நின்றிருக்க, மைக்ரோசாஃப்ட் ஊழியர் கிறிஸ் கபோசெலா ஒரு ஸ்கேனரைச் செருகினார். விண்டோஸ் 98 அதைத் தானாகவே அடையாளம் காணும் என்று காட்டுவதுதான் நோக்கம். வந்தது நீலத்திரை. அந்தப் பதிப்பு சந்தைக்கு வர அப்போது இன்னும் இரண்டு மாதம் இருந்தது. இன்றைய விண்டோஸ் எவ்வளவோ உறுதியானது. ஆனாலும் பல டிரைவர்கள் ஓடுவது இன்றும் கெர்னலுக்குள்தான்.

மூன்றாவது வழி, மின்சாரம். யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர் வரையும், 3.0 போர்ட் 900 மில்லி ஆம்பியர் வரையும் கொடுக்கும் என்பது வரையறை. தனி அடாப்டர் இல்லாத ஹப்பில் நான்கு கருவிகளைச் செருகினால், ஒரே மோட்டாரை நம்பி நாலு வீட்டுக் குழாயையும் ஒன்றாகத் திறந்த கதைதான். வெளி ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில்தான் அதிக மின்சாரத்தை இழுக்கும். அப்போது போதாமல் போனால் இணைப்பு அறுந்து, சேர்ந்து, மறுபடி அறுந்துகொண்டே இருக்கும். யாரும் எதையும் தொடாதபோதே ‘டிங்-டோங்’ என்று யுஎஸ்பி ஒலி கேட்டுக்கொண்டிருந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

எப்போது நிற்கிறது என்று கவனியுங்கள்

பவர் பட்டனை அழுத்தியதும் நிறுவன லோகோவிலேயே நின்றுவிட்டால், செருகியிருக்கும் பென் டிரைவையோ மெமரி கார்டையோ கழற்றிவிட்டு மறுபடி தொடங்குங்கள். அதிலிருந்து இயங்குதளத்தை எடுக்க முயன்று கணினி சிக்கியிருக்கலாம். பயாஸில் பூட் வரிசையை மாற்றி, உள்ளிருக்கும் டிஸ்க்கை முதலில் வைத்தால் இது தீரும்.

ஸ்லீப்பிலிருந்து எழும்போது நின்றால், மின்சாரத்தை மிச்சப்படுத்த உறங்கப்போன கருவி சரியாக விழிக்காமல் போயிருக்கலாம். ‘டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெயிலியர்’ என்ற நீலத்திரைச் செய்தியும் இந்த வகைதான். பவர் ஆப்ஷன்ஸின் மேம்பட்ட அமைப்புகளில் ‘யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்’ என்பதை அணைத்துப் பாருங்கள்.

மவுஸ் மட்டும் நின்று நின்று நகர்கிறதா? கேப்ஸ் லாக் பட்டனை அழுத்துங்கள். விளக்கு மாறி மாறி எரிந்தால் கணினி உயிரோடுதான் இருக்கிறது; சிக்கல் மவுஸின் இணைப்பில் இருக்கலாம். யுஎஸ்பி 3.0 இணைப்புகள் கிளப்பும் இரைச்சல், வயர்லெஸ் மவுஸ் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் கெடுக்கும் என்பதை இன்டெல் 2012-இலேயே ஆய்வறிக்கையாக வெளியிட்டது. மவுஸின் ரிசீவரை வெளி ஹார்ட் டிஸ்க் கேபிளுக்கு அருகில் வைக்காமல், ஒரு சிறிய எக்ஸ்டென்ஷன் கேபிளில் தள்ளி வையுங்கள்.

ஒன்று ஒன்றாகச் சேர்த்துப் பாருங்கள்

முதலில் விசைப்பலகை, மவுஸ், திரை தவிர எல்லாவற்றையும் கழற்றுங்கள்: பிரிண்டர், வெப்கேம், ஹப், ஹெட்செட், சார்ஜுக்காகச் செருகிய போன் உட்பட. டிஸ்க்குகளை ‘சேஃப்லி ரிமூவ்’ கொடுத்தே எடுங்கள். பிறகு ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள். ‘ஷட் டவுன்’ போதாது. விண்டோஸ் 8 முதல் வந்த ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ வசதியால், ஷட் டவுன் செய்தாலும் டிரைவர்களின் நிலை சேமிக்கப்பட்டு அப்படியே திரும்பி வரும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

இப்படியே வழக்கமான வேலையைச் செய்யுங்கள். தினமும் நிற்கும் கணினியென்றால் இரண்டு நாள் பாருங்கள். அப்போதும் நின்றால் விசைப்பலகையையும் மவுஸையும் வேறு மாற்றிப் பாருங்கள். அதன் பிறகே கணினியின் உள்ளே தேட வேண்டும். நிற்காவிட்டால் கருவிகளை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றுதான். அவசரப்பட்டு இரண்டைச் சேர்த்தால், எது காரணம் என்று தெரியாமல் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

விண்டோஸே எழுதி வைக்கும் சாட்சியங்களும் உண்டு. ஸ்டார்ட் மெனுவில் ‘ரிலையபிலிட்டி’ என்று தட்டினால் வரும் பக்கத்தில் எந்தத் தேதியில் எது பழுதானது என்று சிவப்புக் குறிகளோடு இருக்கும். சிக்கல் தொடங்கிய அன்று ஏதாவது டிரைவர் நிறுவப்பட்டதா என்பதும் தெரியும். ஈவென்ட் வியூவரின் சிஸ்டம் பதிவில் ‘டிஸ்க்’ என்ற பெயரோடு 7, 153 ஆகிய எண்கள் தென்பட்டால் சேமிப்புக் கருவியின் பக்கம் பாருங்கள்: 7 கெட்ட பகுதியைக் குறிக்கும், 153, கோரிக்கையை மறுபடி அனுப்ப நேர்ந்ததைக் குறிக்கும்.

கருவி பிடிபட்ட பிறகு

உடனே அதைத் தூக்கி எறிய வேண்டாம். முதலில் கேபிளை மாற்றுங்கள். அடுத்து போர்ட்டை மாற்றுங்கள். மேசைக் கணினியென்றால் முன்பக்கத்தை விட்டு, மதர்போர்டில் நேரடியாக அமைந்த பின்பக்கப் போர்ட்டில் செருகுங்கள். ஹப் இருந்தால் அதைத் தவிர்த்து நேரடியாக இணையுங்கள்; ஹப் இல்லாமல் முடியாது என்றால் தனி அடாப்டர் உள்ளதை வாங்குங்கள். பிறகு டிரைவரைப் பாருங்கள். டிவைஸ் மேனேஜரில் பழைய டிரைவரை நீக்கிவிட்டு, கருவியைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே புதியதை இறக்குங்கள். எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில் புதுப்பித்துத் தருவதாக விளம்பரம் செய்யும் மென்பொருள்களை நெருங்க வேண்டாம். அப்டேட்டுக்குப் பிறகுதான் சிக்கல் தொடங்கியது என்றால், டிவைஸ் மேனேஜரிலேயே உள்ள ‘ரோல் பேக்’ பழைய டிரைவரைத் திரும்பத் தரும். கடைசியாக, அந்தக் கருவியை வேறொரு கணினியில் செருகுங்கள். அங்கும் அதே கோளாறு என்றால் பழுது கருவியில்தான்.

ஹார்ட் டிஸ்க் என்றால் தாமதம் கூடாது

பிடிபட்டது வெளி ஹார்ட் டிஸ்க்காக இருந்து, கேபிளும் போர்ட்டும் மாற்றியும் கணினி நின்றால், அந்த டிஸ்க் தன் முடிவை அறிவிக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த நேரத்தில் பலர் செய்வது ‘செக் டிஸ்க்’ ஓட்டுவது. கெட்ட பகுதிகளைத் தேடும்படி ஓட்டினால் அது டிஸ்க்கின் ஒவ்வொரு பகுதியையும் மணிக்கணக்கில் படிக்க வைத்து, மிஞ்சியிருக்கும் உயிரையும் வாங்கிவிடலாம். அதற்கு முன்பே, திரும்பக் கிடைக்காத கோப்புகளை வேறு இடத்துக்கு நகலெடுங்கள். முதலில் குடும்பப் படங்கள், கணக்குகள், சான்றிதழ்கள். சினிமாவும் பாட்டும் பிறகு. டிஸ்க் உள்ளே ‘டக் டக்’ என்று தட்டும் ஒலி கேட்டால் நகலெடுக்கக்கூட முயலாமல் மின்சாரத்தைத் துண்டித்து, தரவு மீட்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். புது டிஸ்க்கைக் கடையில் வாங்கிவிடலாம். பழையதில் இருந்த பத்து வருடப் படங்களை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.