கசற் ஒலிநாடாவும் கருவிபேதமும்: யாழ்ப்பாண இசை ஆவணங்களை முன்னிறுத்திச் சில குறிப்புகள்

யாழ்ப்பாணத்து இசை வரலாற்றை எழுதப் புகுவோர் வீடுகளிலே பேணப்பட்ட கசற்றுகளையும் ஆதாரமாகக் கொள்ள வேண்டியுள்ளது. ஏட்டுச்சுவடிக்குப் பாடபேதம் பார்க்கும் நாம், ஒலிநாடாவுக்குக் கருவிபேதம் உண்டென்பதை ஏனோ கருத்திற் கொள்வதில்லை.

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகஞ்செய்த கசற்றின் நாடா செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர் வேகத்தில் ஓடுவது. 10,000 ஹேர்ட்ஸ் அதிர்வெண்ணுடைய ஒலியின் ஓர் அலை அந்நாடாவில் 4.76 மைக்ரோமீற்றர் நீளத்துள் அடங்கிவிடும். பதிந்த கருவியின் காந்தத் தலைக்கும் கேட்கும் கருவியின் தலைக்குமிடையே ஒரு பாகையின் ஆறிலொரு பங்கு சரிவு இருப்பினும் போதும், 1.5 மில்லிமீற்றர் அகலமான மோனோப் பதிவில் அவ்வொலியின் வீச்சு ஏறத்தாழப் பத்திலொன்றாகிவிடும். ஸ்ரீரியோத் தடம் 0.6 மில்லிமீற்றரே ஆதலின் ஆங்கு இழப்புக் குறைவு. பதிந்த கருவியிலேயே கேட்குமிடத்து இக்குறை தோன்றாது. வேறு கருவியில் ஒலி மங்கியதும் நாடா பழுதென்று எறிந்துவிடுவோர் பலர். தலையருகேயுள்ள சிறு திருகாணியைத் திருப்பினாற் பெரும்பாலும் ஒலி தெளிந்துவிடும்.

இது வெறும் பொறியியற் பிரச்சினையன்று. 1975இல் மறைந்த அளவெட்டித் தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் வாசிப்பைப் பின்வந்த தலைமுறையினர் நாடா வழியாகவே அறிவர். விரற்கூடுகள் தோலில் எழுப்பும் கூரிய ஒலியே முதலில் அழிவது. அதனை இழந்த படியொன்றைக் கேட்டுக் கலைஞரின் நாதத்தை மதிப்பிடுவது எத்துணைப் பொருத்தமாகும்?

1977இன் பின்னர் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தமையாலும், மத்திய கிழக்கிற்குத் தொழில் தேடிச் சென்றோர் வாயிலாகவும் பல தரத்துக் கருவிகள் நாட்டுக்குள் வந்தன. எந்தக் கசற்றும் எந்தக் கருவியுள்ளும் நுழையும். குரோம் நாடாவும் டொல்பி வசதியும் மாத்திரம் பணமுள்ளோர்க்கு உரியனவாயின. டொல்பியுடன் பதிந்ததை அவ்வசதியற்ற கருவியிற் கேட்டால் உச்ச ஒலிகள் மிகைபடும்.

1990இற் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போயிற்று, மின்கலங்களும் தடைசெய்யப்பட்டன. துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவின் மின்னோட்டத்திற் பாட்டுக் கேட்டனர் மக்கள். மின்னழுத்தம் ஓரளவுக்குக் கீழே இறங்கினால் மோட்டாரின் வேகக் கட்டுப்பாடு செயலிழக்கும். அவ்வாறு மெதுவாக ஓடிய கருவியிற் பதிந்த நாடா, சீரான கருவியில் விரைந்தொலிக்கும். வேகம் நூற்றுக்கு ஆறு கூடினாற் சுருதி அரைச்சுரம் ஏறும். காலப்பிரமாணமும் அவ்வளவுக்குத் துரிதமாகும். கலைஞரின் வேகத்தைப் பற்றிப் பேசுமுன் கருவியின் வேகத்தை அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

ஆகவே எண்ணிம வடிவிற்கு மாற்றுவோர் ஒவ்வொரு கசற்றுக்கும், இரு பக்கங்களுக்கும் தனித்தனியே, தலையின் சரிவை ஒழுங்குசெய்தல் அவசியம். பயன்படுத்திய கருவி, டொல்பி நிலை, சுருதி ஆகியவற்றைப் பதிவேட்டிற் குறித்தலும் வேண்டும். படியெடுக்கையில் நேர்ந்த இழப்பைத் திருகாணி மீட்காது. எனவே ஒரே கச்சேரிக்குப் பல படிகள் கிடைப்பின், மூலத்துக்கு மிக அண்மையதைத் தேடியெடுப்பதே முதற்பணியாகும்.