மின்வண்டி வாங்கிய வீட்டாருக்கு

கொழிஞ்சாம்பாறை முதல் குமுளி வரை நம்மவர் வீடுகளில் மின்சார ஸ்கூட்டர் புகுந்துவிட்டது. என்ஜின் எண்ணெய் மாற்றும் வேலை இல்லைதான். பராமரிப்பே வேண்டாமென எண்ணுதல் தவறு.

2022 மார்ச்சில், வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜ் ஏற வைத்திருந்த வண்டி தீப்பற்றியது. தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி மாண்டனர். ஆகவே உறங்கும் நேரத்தில், வாயிலை அடைத்து வண்டியை நிறுத்திச் சார்ஜ் செய்தல் ஆகாது. எஸ்டேட் லயங்களில் இடமேது என்பீர்கள். மழை நனைக்காத புறக்கூரை ஒன்று போதும். மலையேறி வந்த பாட்டரி சூடு தணிந்த பின்னரே சார்ஜரைச் செருகுக. வண்டியுடன் வந்த சார்ஜரே தகும். பாட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் செய்யவே வேண்டாம்.

போடிமெட்டு இறக்கத்தில் கியர் போட்டு வேகத்தை அடக்க இவ்வண்டிகள் பலவற்றில் வழியில்லை, பாரமெல்லாம் பிரேக்கின்மேல். அதன் தேய்மானத்தை மாதந்தோறும் பாருங்கள். டயர்க் காற்றை வாரந்தோறும்.