விதி மீறாத விந்தைகள்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

விந்தையை விரும்பாத மனிதர் உண்டோ? ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, கிளியின் உடலில் தன் உயிரை ஒளித்து வைத்த அரக்கனின் கதையைப் பாட்டியின் மடியில் கிடந்து கேட்காத குழந்தை நம் ஊர்ப்புறங்களில் இல்லை எனலாம். ஆனால் அதே குழந்தை வளர்ந்து, கல்லூரிக்கு வந்து, விஞ்ஞானம் படிக்கும்போதும் மாயாஜாலப் படம் பார்த்தால் மட்டும் உலகம் நகைக்கிறது. "பௌதிகம் படிக்கிறவன் பார்க்கிற படமா இது?" என்று விடுதி நண்பர்கள் என்னைக் கேட்காத நாளில்லை. அக்கேள்விக்கு விடை காணும் சிறு முயற்சியே இக்கட்டுரை.

ஆடு புலி ஆட்டம்

விந்தைக் கதைகளை இரு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று மாயாஜாலம். இதில் அற்புதம் நிகழ்வதற்குக் காரணம் வரம், சாபம், மந்திரம் ஆகியவை. மற்றொன்று விஞ்ஞானக் கற்பனை. இதில் காரணம் ஓர் இயற்கை விதி. அல்லது அவ்விதியின்படி இயங்குவதாகச் சொல்லப்படும் ஒரு கருவி. முன்னது பொய், பின்னது மெய் என்று சிலர் தரம் பிரிப்பர். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டுமே பொய்தான். ஆயினும் பொய்யிலும் நேர்மையான பொய் உண்டு.

திண்ணையில் கோடு கிழித்து நாம் ஆடும் ஆடு புலி ஆட்டத்தை எண்ணிப் பாருங்கள். ஆடுகள் கூடிப் புலியை அடைப்பது காட்டில் நடவாத செயல். அதை யாரும் குறை கூறுவதில்லை. ஆனால் ஆட்டத்தின் நடுவே புலி இரண்டு ஆடுகளை ஒருசேரத் தாண்டினால் சும்மா இருப்போமா? திண்ணையே அதிரக் கூச்சல் போடுவோம். கதையும் அப்படியே. முதலில் எந்த விதியை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும்; வைத்த விதியை இறுதி வரை காக்க வேண்டும். ஒரு விந்தைக் கதையை நான் எடை போடும் தராசு இது ஒன்றே.

பூதமும் கணக்குப் பார்க்கும்

இத்தராசில் முதலில் இரண்டு மாயாஜாலப் படங்களை நிறுத்துப் பார்ப்போம். 1940-இல் வெளிவந்த 'தீஃப் ஆஃப் பாக்தாத்' என்ற ஆங்கிலப் படத்தில் திருட்டுச் சிறுவன் அபுவாக நடித்தவர் சாபு. மைசூர்ப் பகுதியில் ஒரு யானைப் பாகனின் மகனாகப் பிறந்து, ஆங்கிலப் பட உலகில் புகழ் பெற்றவர் அவர். குப்பியிலிருந்து வெளிப்படும் பூதம் அபுவுக்கு மூன்றே வரங்கள் தருகிறது. பசித்த சிறுவன் முதல் வரத்தில் என்ன கேட்கிறான்? அரசும் கேட்கவில்லை, பொன்னும் கேட்கவில்லை. அம்மா செய்து தந்ததைப் போன்ற உணவு கேட்கிறான்! இரண்டாவது வரம் நண்பனைச் சென்றடையச் செலவாகிறது. மூன்றாவது வரம், நண்பனோடு ஏற்பட்ட பிணக்கில் வாய் தவறி வந்த ஒரு சொல்லில் கரைந்து போகிறது. கணக்கு முடிந்தது என்று பூதம் பறந்துவிடுகிறது. இரக்கப்பட்டு நான்காவது வரம் ஒன்று தந்திருந்தால் அப்படம் என் நெஞ்சில் நின்றிராது. பின்னர் அவனுக்குப் பறக்கும் கம்பளம் கிடைப்பது சற்றுச் சலுகைதான். எனினும் அதையும் அவன் திருடித்தான் பெறுகிறான். திருடனுக்கு அது பொருத்தமே!

இதற்கு முந்திய ஆண்டு, அதாவது 1939-இல் வந்த 'விஸர்ட் ஆஃப் ஆஸ்' உலகமே கொண்டாடும் படம். நானும் கொண்டாடுகிறேன்; ஆனால் ஒரு குறையோடு. வீடு திரும்ப வழி தேடிப் படம் முழுவதும் அலைகிறாள் சிறுமி டோரதி. அவளை வீடு சேர்க்கும் ஆற்றல் அவள் காலில் கிடக்கும் சிவப்புக் காலணிக்கே உண்டு என்று நல்ல தேவதை கடைசியில்தான் சொல்கிறாள். முன்பே சொல்லியிருந்தால் நீ நம்பியிருக்க மாட்டாய் என்பது அவள் தரும் சமாதானம். ஆட்டம் முடிந்தபின் விதியைச் சொல்வது முறையாகுமா? ஆனால் அதே படத்தில் நாய்க்குட்டி திரையை இழுக்க, மாபெரும் மந்திரவாதி என்று அஞ்சிய உருவத்தின் பின்னே விசைகளை இயக்கும் ஒரு சாதாரண மனிதர் நிற்கும் காட்சிக்காக எக்குறையையும் பொறுக்கலாம். அச்சுறுத்தும் எதையும் கண்டு ஓடாதே, திரையை விலக்கிப் பார் என்பதைவிட விஞ்ஞானம் நமக்குச் சொல்வது வேறென்ன?

ஒரே எழுத்தாளர், இரண்டு கதைகள்

இனி விஞ்ஞானக் கற்பனைக்கு வருவோம். ஜீன் ராடன்பெரி உருவாக்கிய 'ஸ்டார் ட்ரெக்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் 1966 முதல் 1969 வரை 79 கதைகளாக ஒளிபரப்பாயிற்று. எண்டர்பிரைஸ் என்னும் விண்கலம், கேப்டன் கிர்க், உணர்ச்சியை அடக்கிய ஸ்பாக், கோபக்கார டாக்டர் மெக்காய் ஆகியோரை அறிந்தோர் நம் கல்லூரியிலும் சிலர் உளர். மனிதர்களை ஒளிக்கற்றையாக்கிக் கிரகத்தில் இறக்கும் கருவி இத்தொடரில் புகழ் பெற்றது. வாரந்தோறும் கலத்தைத் தரையிறக்கிப் படமெடுக்கப் பணம் போதாமையால் பிறந்த யோசனை அது! வறுமையும் சில வேளை விந்தை படைக்கும்.

இத்தொடரில் 1967-இல் வந்த 'டெவில் இன் த டார்க்' கதையை எழுதியவர் ஜீன் கூன். ஒரு தொலைதூரக் கிரகத்தில் சுரங்கம் தோண்டுகிறார்கள். ஏதோ ஒரு கொடிய பிராணி பாறையை அமிலத்தால் கரைத்துக்கொண்டு நீந்தி வந்து தொழிலாளர்களைக் கொல்கிறது. சுரங்க அதிகாரியின் மேசையில் அழகுக்காக ஓர் உருண்டைக் கல் வைக்கப்பட்டிருக்கிறது. ஆழத்தில் அத்தகைய கற்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன என்கிறார் அவர்.

சென்ற பொங்கல் விடுமுறையில் இக்கதையைச் செல்போனில் என் தந்தைக்குக் காட்டினேன். அவர் கல் குவாரியில் கல்லுடைப்பவர். எழுத்தறியார், ஆங்கிலமும் தெரியாது. நான் வசனத்தை வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். மேசைமேல் இருந்த கல்லைக் கண்டதும் அவர், "நிறுத்து நிறுத்து. ஆயிரம் கல்லும் ஒரே மாதிரி உருண்டையாவா கெடைக்கும்? முப்பது வருசமா கல்லு ஒடைக்கிறேன், ரெண்டு கல்லு ஒண்ணா இருந்து பாத்ததில்ல. அது கல்லு இல்லப்பா, முட்டை" என்றார்.

நான் திகைத்துப் போனேன். கிர்க்கும் ஸ்பாக்கும் அவ்விடைக்கு வந்து சேரக் கதையில் இன்னும் வெகுநேரம் இருந்தது. ஆம், அவை முட்டைகளே. அந்தப் பிராணி ஒரு தாய். தன் முட்டைகளை மனிதர் உடைத்ததனால்தான் அது கொன்றது. உண்மை தெரிந்தபின் தொழிலாளர்கள் ஆயுதத்தைத் தாழ்த்துகிறார்கள். பிராணியின் குஞ்சுகள் சுரங்கம் தோண்ட உதவுகின்றன. தந்தை முடிவு வரை வாய் திறவாமல் பார்த்துவிட்டு, "பாவம், தெரியாமத்தானே ஒடைச்சாங்க" என்றார்.

அவரால் எங்ஙனம் முந்திக்கொள்ள முடிந்தது? கதை எதையும் ஒளிக்கவில்லை என்பதே காரணம். விடைக்கு வேண்டிய அனைத்தையும் மேசைமேல் வைத்துவிட்டுத்தான் கேள்வியைக் கேட்டது. கண்டதை உற்று நோக்கி, அனுபவத்தோடு ஒப்பிட்டு, முடிவுக்கு வருதல்தானே நம் ஆய்வுக்கூடத்தில் நமக்குக் கற்பிக்கப்படுவது?

இதே எழுத்தாளர் வேறொரு புனைபெயரில் எழுதி 1968-இல் வந்த கதை 'ஸ்பாக்ஸ் ப்ரெய்ன்'. ஸ்பாக்கின் மூளையை யாரோ களவாடிச் செல்கிறார்கள். மூளையற்ற உடலை ஒரு விசைப்பெட்டியால் நடத்திச் செல்கிறார்கள்! மூளையைத் திரும்பப் பொருத்தும் வித்தை எவருக்கும் தெரியாதாம். ஆனால் தலையில் கவிழ்த்தால் எல்லா அறிவையும் புகட்டும் கருவி ஒன்று அங்கேயே இருக்கிறதாம். சிக்கல் வந்த இடத்தில் சிக்கலுக்கேற்ற கருவி! இங்கே புலி இரண்டு ஆடுகளைத் தாண்டிவிட்டது. இதில் என் தந்தையோ நானோ சிந்திக்க இடமேது?

சிலிக்கானில் உயிர் வாழுமா?

அந்தத் தாய்ப் பிராணியின் உடல் கரிமத்தால் ஆனதன்று, சிலிக்கானால் ஆனது என்கிறது கதை. இது வெறும் உளறலா? அன்று. தனிம வரிசை அட்டவணையில் கரிமத்துக்கு நேர் கீழே இருப்பது சிலிக்கான். இரண்டுக்கும் இணைதிறன் நான்கு. புவியின் மேலோட்டில் ஆக்சிஜனுக்கு அடுத்தபடி மிகுதியாக உள்ள தனிமமும் அதுவே. என் தந்தை அன்றாடம் உடைக்கும் கருங்கல்லிலும் அது உண்டு.

ஆயினும் இடர்ப்பாடு இருக்கிறது. கரிமம் ஆக்சிஜனோடு கூடினால் கரியமில வாயு. நாம் எளிதாக மூச்சில் வெளியிடுகிறோம். சிலிக்கான் ஆக்சிஜனோடு கூடினால் சிலிக்கா, அதாவது மணல். அது உருகவே 1,700 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பம் வேண்டும். அப்பிராணி மூச்சு விட்டால் மணலைத்தான் கொட்ட வேண்டும்! மேலும் கரிமத்தைப் போல் நீண்ட, உறுதியான சங்கிலிகளைச் சிலிக்கான் எளிதில் அமைப்பதில்லை. ஆகவே இத்தகைய உயிர் நம்மைப் போன்ற கிரகத்தில் தோன்றுவது அரிது என்றே வேதியியல் சொல்கிறது. இக்குறையைக் கண்டதும் எனக்குக் கதைமேல் வெறுப்பு வரவில்லை. கனிம வேதியியல் புத்தகத்தில் அப்பாடத்தைத் தேர்வுக்காக அன்றி, விடை வேண்டும் என்று முதன்முறையாகத் திறந்தேன்.

ஒரு விண்ணப்பம்

நண்பர்களே! விந்தைக் கதைகள் எல்லாம் நல்லவை என்று நான் வாதாடவில்லை. ஏமாற்றும் கதையை ஏமாற்று என்றே சொல்வோம். ஆனால் விதி காக்கும் கதை, பார்ப்பவரைத் தனக்குச் சமமாக மதிக்கிறது. பட்டம் பெற்றவர், பெறாதவர் என்று பார்ப்பதில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவன் நான். என் பாடங்களைப் பற்றித் தந்தையிடம் பேச எனக்கு வழி தெரியாதிருந்தது. அன்று அவர் என்னை முந்திக்கொண்டு விடை சொன்னபோதுதான் வழி திறந்தது.

ஆகவே நம் பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு பணிவான விண்ணப்பம். இயற்பியல் மன்றத்தின் சார்பில் பருவத்துக்கு ஒருமுறை இத்தகைய கதை ஒன்றைத் திரையிடலாம். ஆங்கிலம் தடையாகாதபடி மாணவர் ஒருவர் தமிழில் விளக்கட்டும். அப்பணியை நானே மகிழ்வுடன் ஏற்பேன். விடை வெளிப்படுவதற்குச் சற்று முன்பு படத்தை நிறுத்தி, "இனி என்ன? ஏன்?" என்று அவையைக் கேட்கட்டும். பின் இருக்கையிலிருந்து யார் எழுந்து விடை சொல்வார் என்பது யாருக்குத் தெரியும்?