என் வீட்டுச் சுவரும் அயலார் இசைவும்

"என் வீட்டுச் சுவரை யான் இடிப்பதற்குப் பிறர் இசைவு வேண்டுமோ?" என்று என் தந்தையார் சென்ற ஆண்டு சினந்து வினவினார். பருத்திப்பட்டு ஏரிக்கு அணித்தாய் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில், சக்கர நாற்காலியில் இயங்கும் என் பாட்டியாரின் பொருட்டுக் குளியலறை வாயிலை அகலப்படுத்த வேண்டியிருந்தது. வாயிலின் அகலம் 75 சென்டிமீட்டர்; நாற்காலி இடரின்றி நுழைய 90 வேண்டும். கொத்தனார் சுத்தியலை எடுக்குமுன், குடியிருப்போர் சங்கத்துக் காரியதரிசியார் வந்து, எழுத்து மூலம் இசைவு பெற்ற பின்னரே வேலை தொடங்கலாம் என்று நிறுத்திவிட்டார். தந்தையாரின் வினாவிற்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

தனி வீடுடையார் நிலத்திற்கும் கூரைக்கும் தாமே உரியவர். அடுக்குமாடியில் வீடு வாங்கியவரோ தம் வீட்டின் உட்புறத்திற்கே தனியுரிமை உடையவர். நிலத்தில் அவர்க்குள்ளது பிரிக்கப்படாத பங்கு. தூண், உத்தரம், புறச்சுவர், மாடிப்படி, மொட்டைமாடி ஆகியன எல்லார்க்கும் பொது. தமிழ்நாட்டில் 1994-ஆம் ஆண்டுச் சட்டமும், அதற்கு மாற்றாக 2022-இல் இயற்றப்பெற்று 2024-இல் நடைமுறைக்கு வந்த அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டமும் இப்பொதுவுரிமையை அடிப்படையாகக் கொண்டே உரிமையாளர் சங்கங்களை அமைக்கச் செய்கின்றன.

இனி, சுவர் அனைத்தும் ஒரு தன்மையன அல்ல. தூணும் உத்தரமும் பாரந் தாங்கும் கட்டடத்தில், இடைநின்ற செங்கற்சுவர் பெரும்பாலும் வெறுந் தடுப்பே. அலுமினிய அச்சுக் கட்டி வார்க்கப்பட்ட புதுக் கட்டடங்களிலோ, கான்கிரீட்டுச் சுவரே பாரந் தாங்குவது. பூச்சு மறைத்திருத்தலின் இவ்வேற்றுமை நம் கண்ணுக்குப் புலனாகாது. 2022-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள், குருகிராம் நகரத்து அடுக்ககம் ஒன்றில் ஆறாம் மாடியிற் சீரமைப்பு வேலை நடக்குங்கால், அதன் தளம் இடிந்து கீழ்மாடிகளையும் உடன் வீழ்த்தியது. பெண்டிர் இருவர் மாண்டனர். பின்னர் ஆராய்ந்த வல்லுநர் கான்கிரீட்டிலேயே கேடு இருந்தமை கண்டனர். சீரமைத்தவர் அதனை எங்ஙனம் அறிவார்? ஆதலின் பொறியாளர் நேரிற் கண்டு எழுதித் தருதல் வீண் சடங்கன்று.

இசைவு பெறும் முறை எளிதே. முதலாவது, சங்கத்தின் துணைவிதிகளைப் படித்தல். இரண்டாவது, எச்சுவரை எவ்வளவு மாற்றுவது என்பதை வரைபடத்தோடு விண்ணப்பித்தல். மூன்றாவது, பொறியாளர் கடிதத்தை இணைத்தல். நான்காவது, வேலை நேரம், இடிபாடு அகற்றும் வழி, நீர்க்கசிவுக் காப்பு இவற்றைக் குறித்தல். குளியலறைத் தளத்தை உடைப்பின் கீழ்வீட்டார்க்கே முதல் துன்பம். சிங்கப்பூர் வீடமைப்புக் கழகம் தன் புதிய வீடுகளிற் குளியலறைத் தளத்தை முதல் மூன்றாண்டு மாற்றலாகாது எனத் தடுத்திருப்பது இதுபற்றியே. புதிதாக அறை கூட்டிக் கட்டுதல் போல்வனவற்றிற்குச் சங்கத்தின் இசைவு மட்டும் போதாது. 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி அரசு சார்ந்த திட்ட அனுமதியும் பெறல் வேண்டும்.

சங்கத்திற்கும் கடமையுண்டு. விண்ணப்பத்திற்கு நாட்கடத்தாது விடையளித்தல், மறுப்பின் காரணத்தை எழுத்திற் காட்டல், ஒருவர்க்கு இசைந்ததை ஒத்த நிலையிலுள்ள மற்றொருவர்க்கு மறாமை ஆகிய மூன்றும் இன்றேல், காவல் என்பது கொடுங்கோன்மையாய்விடும்.

எங்கள் வீட்டிற்கு வந்த பொறியாளர் வாயிலின் இடப்புறத்தைத் தட்டிப் பார்த்தார். கொத்தனார் இடிப்பதற்குக் கரிக்கோடு இட்டிருந்த அவ்விடத்திற்றான் பூச்சினுள் தூண் ஒன்று நின்றது! வலப்புறம் வெறுஞ் செங்கல். அப்புறமே இடித்துப் புதிய லிண்டல் இட்டு வாயிலை அகலமாக்கினோம். பாட்டியார் இன்று பிறர் துணையின்றி நீராடச் செல்கின்றார். அத்தூணின்மேல் மூன்று குடும்பங்கள் உறங்குகின்றன. அன்று வினவிய தந்தையார், அக்கரிக்கோட்டை இன்னும் அழிக்கவில்லை.