தும்பிக்கை மேலே, யானை கீழே

தம்பிலுவில்காரருக்கு யானையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சாகாமம், கஞ்சிகுடிச்சாறு பக்கங்களில் வயல் செய்கிறவர்கள் கதிர் முற்றும் காலத்தில் வாடியில் கண்விழித்துக் கிடப்பதும், டோர்ச் அடிப்பதும், யானைவெடி கொளுத்துவதும் வழக்கமாகிவிட்ட காரியங்கள். ஆனால் அங்கே யானை என்பது பெரும்பாலும் இருட்டில் கேட்கும் ஒரு முறியும் சத்தம். விடிந்தபின் மிதிபட்டுக் கிடக்கும் வரம்பு. அந்த விலங்கைப் பகல் வெளிச்சத்தில், அதன் போக்கில் விட்டு, நின்று நிதானமாகப் பார்த்தவர்கள் குறைவு.

காட்டு விலங்கை அதன் இடத்திலேயே போய்ப் பார்ப்பதற்கு உலகம் கொடுக்கும் விலை சாதாரணமானதல்ல. ஆயிரத்துச் சொச்சம் மட்டுமே எஞ்சியிருக்கும் மலைக் கொரில்லாக்களைப் பார்க்க உகண்டாவில் வெளிநாட்டவர் ஒருவருக்கான அனுமதிச்சீட்டு 800 டொலர். ருவாண்டாவில் 1,500 டொலர். அதற்குக் கிடைப்பது ஒரே ஒரு மணி நேரம். அம்பாறை மாவட்டத்து மக்களுக்கோ, உலகில் வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காத ஒரு காட்சி பக்கத்திலேயே இருக்கிறது: தீவுவிட்டுத் தீவு நீந்திப் போகும் யானைகள். இடம், கல்லோயா தேசியப் பூங்காவுக்குள் கிடக்கும் சேனநாயக்க சமுத்திரம்.

தம்பிலுவிலில் இருந்து அக்கரைப்பற்று, அம்பாறை வழியாக இங்கினியாகல போய்ச் சேர ஏறத்தாழ இரண்டு மணி நேரம். 1949இல் டி. எஸ். சேனநாயக்கவின் அரசு தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில், அமெரிக்காவின் மொரிசன் நட்சன் கம்பனி இங்கேதான் ஆற்றை மறித்து அணை கட்டியது. இலங்கையின் மிகப் பெரிய நீர்த்தேக்கம் இது. பள்ளத்தாக்கு நீருக்குள் போனது; குன்றுகளின் உச்சிகள் தீவுகளாக எஞ்சின. நீரேந்து பகுதியின் காட்டைக் காப்பதற்காக 1954இல் சுற்றிலும் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அந்தக் காட்டில் வெறும் புதர் மட்டும் இல்லை. உயர்ந்த புல்வெளிகளுக்கு நடுவே கடுக்காய், தான்றி, நெல்லி மரங்கள் நிற்கின்றன. திரிபலா சூரணத்தின் மூன்று சரக்குகளும் ஒரே காட்டில்.

யானைகளுக்கு இந்த மாற்றம் இரண்டு விதமாக வாய்த்தது. அணையிலிருந்து பாய்ந்த நீரால் கீழே காடு வயலாகியது, அவற்றின் பழைய வழிகள் மறிபட்டன. மேலேயோ குடிநீரும் புல்லும் ஒருசேரக் கிடைக்கும் தீவுகள் உண்டாகின. பருவமழையில் நிரம்பிய நீர் வெயில் ஏற ஏற இறங்கும்போது, கரையோரங்களில் இளம் புல் முளைக்கும். ஒரு நாளைக்குச் சுமார் 150 கிலோ தீனி தேடும் விலங்கு அதை விடுமா? ஒரு தீவில் மேய்ச்சல் முடிந்ததும் அடுத்த தீவுக்கு இறங்கிவிடும்.

யானை நீந்துவதைப் படகிலிருந்து முதன்முறை பார்ப்பவர் அதை யானையென்று உடனே கண்டுகொள்வதில்லை. மண்டையின் கறுத்த முகடு மட்டும் நீர்மட்டத்தில் தெரியும். அதற்கு முன்னால் தும்பிக்கையின் நுனி மேலே எழுந்து, சுழன்று, மறுபடி தாழும். சில வேளை தலையும் முழுவதாக அமிழ்ந்து தும்பிக்கை மட்டும் நகர்ந்து போகும். நான்கு கால்களும் கீழே துழாவிக்கொண்டிருக்கும். அத்தனை பாரமான உடல் மூழ்காமலிருப்பதற்குக் காரணம், அது விலக்கும் நீரின் எடை அதைத் தாங்கிவிடுவதுதான்.

மிதப்பதை விட மூச்சு விடுவதுதான் பெரிய வித்தை. மனிதர் பயன்படுத்தும் சுவாசக் குழாய் ஒரு முழத்துக்கும் குறைவு. அதை ஆறடிக்கு நீட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போனால் உயிராபத்து. சுற்றியிருக்கும் நீர் மார்பை அழுத்தும். நுரையீரலுக்குள் இருக்கும் காற்றோ மேற்பரப்பின் அழுத்தத்திலேயே நிற்கும். இந்த வேறுபாட்டில், நுரையீரலைச் சுற்றிய மெல்லிய சவ்வின் நுண் இரத்தக் குழாய்கள் வெடித்துவிடக்கூடும். யானையின் நுரையீரல் சுமார் இரண்டு மீற்றர் ஆழத்தில் கிடந்தாலும் அதற்கு ஒன்றும் ஆவதில்லை.

மற்றப் பாலூட்டிகளில் நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் இடையே வழுவழுப்பான இடைவெளி ஒன்று உண்டு. யானையில் அந்த இடைவெளியே கிடையாது. இணைப்பிழையம் அதை நிரப்பி, நுரையீரலைச் சுவரோடு ஒட்டவைத்திருக்கிறது. இது முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக உடற்கூற்றியலாளருக்குத் தெரிந்த விஷயம், ஆனால் ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. நீருக்குள் தும்பிக்கையால் மூச்சு விடுவதற்கான ஏற்பாடு இது என்று 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் விளக்கம் தந்தவர் கலிபோர்னியாவின் உடலியலாளர் ஜோன் வெஸ்ட். யானையின் வம்சத்துக்கும் நீருக்கும் தொடர்பு பழையது. இன்று உயிரோடிருக்கும் அதன் நெருங்கிய சொந்தங்களில் ஒன்று, மன்னார்க் கடலில் மேயும் கடற்பசு.

நீச்சலில் யானையின் தாக்குப்பிடிப்புக்கு நம் கிழக்குக் கடலே சாட்சி. 2017 ஜூலையில் கொக்கிளாய்க்கு அப்பால், கரையிலிருந்து சுமார் எட்டுக் கடல் மைல் தூரத்தில், தும்பிக்கையை நீட்டியபடி தத்தளித்த ஒரு யானையைக் கடற்படைப் படகு கண்டது. வனஜீவராசிகள் அதிகாரிகளும் சேர்ந்து கயிறு கட்டி, மணிக்கணக்காக இழுத்துக் கரை சேர்த்தார்கள். களப்பைக் கடக்க இறங்கியதை நீரோட்டம் இழுத்துப் போயிருக்கலாம் என்று சொல்லப்பட்டது. இரண்டு வாரம் ஆகுமுன்னே திருகோணமலைக் கடலில் இன்னும் இரண்டு யானைகள்.

சமுத்திரத்துக்குப் போக மார்ச் முதல் ஜூலை வரை நல்ல காலம். மாரிக்குள் போவது வீண்செலவு. இங்கினியாகலயில் வனஜீவராசிகள் திணைக்களத்தில் அனுமதிச்சீட்டு எடுத்துக்கொண்டு படகு பிடிக்கலாம். உள்நாட்டவருக்கான கட்டணம் வெளிநாட்டவருடையதில் ஒரு சிறு பங்குதான். அதிகாலைப் படகு அல்லது பிற்பகல் படகு. உச்சி வெயிலில் யானை மர நிழலை விட்டு வராது. உயிர்காப்பு அங்கியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வது நம்மவர் வழக்கம், அதை அன்றைக்காவது விட்டுவிடலாம். நீந்தும் யானைக்குக் குறுக்கே படகை விடச் சொல்லிப் படகோட்டியை நச்சரிக்கக் கூடாது: குட்டியோடு வரும் கூட்டம் கலைந்தால் குட்டி பின்தங்கிப்போகும். கொம்பன் யானையைத்தான் பார்ப்பேன் என்று அடம்பிடித்தும் பயனில்லை. இலங்கையில் ஆண் யானைகளிலும் பத்தில் ஒன்றுக்குக்கூடத் தந்தம் இருப்பதில்லை.

எல்லாம் சரியாக அமைந்தும் யானை நீரில் இறங்காத நாட்கள் உண்டு. அப்படி ஏமாந்தவர்களும், படகுக்குப் பயந்தவர்களும் தம்பிலுவிலிலிருந்து எதிர்த்திசையில் போகலாம். கோமாரி, பொத்துவில் தாண்டி மொனராகலை வீதியில் லகுகல குளம் இருக்கிறது. அது இருக்கும் தேசியப் பூங்கா பரப்பில் சிறியதுதான், ஆனாலும் கோடையில் குளத்தை மூடி வளரும் உயரப் புல்லுக்காக யானைகள் அங்கே கூட்டமாக வந்து நிற்கும். பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு போவது நல்லது; தொலைநோக்கி இருந்தால் எடுத்துப் போகவும், இருட்டுமுன் அந்த வீதியை விட்டு வெளியேறிவிடவும் வேண்டும்.