எந்தக் கம்பெனி என்று கேட்பதற்கு முன்

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஹார்ட் டிஸ்க் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, “எந்தக் கம்பெனி சார் நல்லது?” சென்னை ரிச்சி தெருவில் இந்தக் கேள்வி காதில் விழாத கடை இருக்காது. சுழலும் ஹார்ட் டிஸ்க்கைத் தயாரிப்பவர்களே இன்று உலகத்தில் மூன்று பேர்தான்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. மூவரிடமும் நல்ல மாடலும் உண்டு, சுமாரும் உண்டு. அதில் எதை வைக்கப்போகிறீர்கள், எத்தனை தடவை அழித்து எழுதப்போகிறீர்கள் என்று முதலில் யோசியுங்கள். டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம்.

உள்ளே இருப்பவை காந்தப் பூச்சுள்ள வட்டத் தட்டுகள். நிமிடத்துக்கு 5400 சுற்று, அல்லது 7200. இரண்டாவது கணக்குப்படி விநாடிக்கு 120 சுற்று. தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் ‘ஹெட்’ மிதக்கிறது. நம் தலைமுடியின் தடிமன் அதைவிடப் பல ஆயிரம் மடங்கு. ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கை மேஜையில் நகர்த்தாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். கரண்ட் அடிக்கடி போகிற பகுதியென்றால் யுபிஎஸ் இல்லாமல் ஓட்ட வேண்டாம்.

வேண்டிய இடம் ஹெட்டுக்குக் கீழே வந்து சேர, 7200 சுற்று டிஸ்க்கிலும் சராசரியாக 4 மில்லிவிநாடிக்கு மேல் ஆகும். விண்டோஸ் திறக்கும்போது ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகள் தேவைப்படும். ஒவ்வொன்றுக்கும் இந்தக் காத்திருப்பு. ஆகவே விண்டோஸையும் மென்பொருள்களையும் சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டியில் போடுங்கள். 500 ஜிபி தாராளம். கல்யாண வீடியோ, குழந்தைகளின் படங்கள், அப்பாவின் பழைய பாட்டுச் சேகரிப்பு எல்லாம் ஹார்ட் டிஸ்க்குக்கு. அந்த அளவு இடத்தை எஸ்எஸ்டியில் வாங்கினால் பர்ஸ் தாங்காது.

இனிதான் விஷயத்துக்கு வருகிறேன். ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே விலையுள்ள இரண்டு டிஸ்க்குகள் உள்ளுக்குள் வேறு வேறு ஜாதியாக இருக்கலாம். பழைய முறையான சிஎம்ஆரில் தடங்கள் பக்கத்துப் பக்கத்தில், ஒன்றையொன்று தொடாமல் எழுதப்படும். எழுதும் ஹெட் அகலமானது, படிக்கும் ஹெட் குறுகலானது. படிக்கத் தேவையான விளிம்பை மட்டும் விட்டுவிட்டு அடுத்த தடத்தை மேலேயே எழுதினால் அதே தட்டில் அதிகம் கொள்ளும் அல்லவா? அதுதான் எஸ்எம்ஆர். ஓட்டு வீட்டில் ஓடு அடுக்குவது போல. நடுவில் ஒரு ஓட்டை மாற்ற மேலே கவிந்திருக்கும் ஓடுகளைக் கழற்றி மறுபடி அடுக்க வேண்டும். இங்கும் ஒரு தடத்தை மாற்றினால் அந்தப் பகுதி முழுவதையும் திரும்ப எழுத வேண்டும்.

வாங்கிய புதிதில் இது தெரியாது. வருவதை முதலில் ஒரு தனி இடத்தில் வேகமாக வாங்கி வைத்துக்கொண்டு, சும்மா இருக்கும் நேரத்தில் டிஸ்க் தானே அடுக்கிக்கொள்ளும். ஓரளவு நிரம்பிய டிஸ்க்கில் 600 ஜிபி வீடியோவை ஒரே மூச்சில் ஏற்றும்போது சாயம் வெளுக்கும். விநாடிக்கு 150 எம்பி என்று ஓடிய கணக்கு திடீரென்று பத்து இருபதுக்கு இறங்கி அங்கேயே நொண்டும். டிஸ்க் பழுது என்று பலர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது இப்போதுதான்.

ஒரு தடவை எழுதிவிட்டுப் பல தடவை படிக்கிற சேமிப்புக்கு எஸ்எம்ஆர் போதும். தினமும் எடிட்டிங், பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டும் நாஸ் பெட்டி என்றால் வேண்டவே வேண்டாம். 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் நாஸுக்கென்றே விற்ற ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையிலான டிஸ்க்குகளில் எஸ்எம்ஆரைச் சொல்லாமல் வைத்திருந்தது அம்பலமானது. வழக்கும் வந்தது. பிறகு சிஎம்ஆர் மாடல்களை ரெட் பிளஸ் என்று பிரித்தார்கள். பெட்டியில் இந்த விவரத்தைத் தேடிப் பயனில்லை. மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு கம்பெனியின் தளத்தில் பாருங்கள். ரெட் பிளஸ், சீகேட் அயர்ன்வுல்ஃப் இரண்டும் சிஎம்ஆர். சீகேட்டின் 4 டெராபைட் பாரகுடா எஸ்எம்ஆர்.

கையடக்க 2.5 அங்குல டிஸ்க்கைப் பற்றி ஒரு வார்த்தை. சிலவற்றில் யுஎஸ்பி வாய் உள்ளிருக்கும் போர்டிலேயே பற்றவைத்திருக்கும். வாய் உடைந்தால் வேறு உறையில் மாட்டிப் படிக்க வழியில்லை. வீட்டோடு இருக்கப்போவதென்றால் 3.5 அங்குல டிஸ்க்தான் என் ஓட்டு. ஆன்லைனில் இரண்டாயிரம் ரூபாய்க்கு 16 டெராபைட் எஸ்எஸ்டி கண்ணில் பட்டால் தள்ளிப்போங்கள். அப்படிப்பட்டவற்றைப் பிரித்துப் பார்த்தவர்கள் உள்ளே கண்டது சாதாரண மெமரி கார்டை.

வாங்கி வந்ததும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறந்து, ஓடிய மணிநேரம் பூஜ்யத்தை ஒட்டி இருக்கிறதா பாருங்கள். 4 டெராபைட்டை விண்டோஸ் 3.63 என்று காட்டினால் பயப்பட வேண்டாம். கம்பெனி ஆயிரத்தால் பெருக்குகிறது, விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது. மாதம் ஒருமுறை அதே மென்பொருளைத் திறங்கள். டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் பச்சையோ நீலமோ மஞ்சளாகியிருந்தால், அன்றைக்கே படங்களை வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள். வாரண்டியில் புது டிஸ்க் கிடைக்கும், படங்கள் கிடைக்காது.

ஆக, 8 டெராபைட் ஒன்று வாங்கும் பணத்தை வைத்திருப்பவர் 4 டெராபைட் இரண்டாக வாங்கட்டும். ஒன்று கம்ப்யூட்டரில். இன்னொன்றில் அதே கோப்புகளைப் பிரதி எடுத்து, ஊரில் அம்மா வீட்டு பீரோவில் வையுங்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது புதுப் படங்களை அதில் ஏற்றிவிட்டு வாருங்கள்.