உங்களுக்குத் தெரியுமா? இரை வைப்பதா, குரல் கொடுப்பதா?

● ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாயைப் பற்றி எங்கள் கிளிவெட்டியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த ஓநாயை மட்டும் இங்கே எவரும் கண்டதில்லை. இலங்கைக் காடுகளில் ஓநாய் கிடையாது. இதை முந்நூறு வருடங்களுக்கு முன்பே ஓர் ஆங்கிலேயர் எழுதி வைத்துவிட்டார். 1681இல் இலண்டனில் வெளிவந்த றொபேட் நொக்ஸின் இலங்கை நூலில், இந்த நாட்டில் இல்லாத மிருகங்களின் வரிசை ஒன்று வருகிறது: சிங்கம், ஓநாய், குதிரை, கழுதை, செம்மறி. மிருகம் வராத ஊருக்குப் பழமொழி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

● நமக்கு வாய்த்தது நரி. அல்லைக் குளத்துத் தண்ணீர் பாயும் வட்டைகளில் வெள்ளாமைக் காவலுக்குப் போனவர்களுக்கு அதன் ஊளை பழக்கமானது. ஒன்று தொடங்கும், வேறோர் இடத்திலிருந்து இன்னொன்று சேர்ந்துகொள்ளும், சற்று நேரத்தில் எத்தனை என்று எண்ண முடியாமல் போகும். நரியும் ஓநாயும் ஒரே பேரினம். தென்னிந்திய, இலங்கை நரிக்கு 1916இல் ரோட்டன் என்பவர் வைத்த விலங்கியல் பெயர் 'நரியா'. நமது 'நரி'யும் சிங்களத்து 'நரியா'வும் அதில் அப்படியே கேட்கின்றன.

● ஓநாய் வேட்டைக்காரர்கள் காலம் காலமாக இரண்டு கட்சி. ஒரு கட்சி இறைச்சியைப் போட்டுவிட்டுக் காத்திருக்கும். மற்றது ஓநாயைப் போலவே ஊளையிட்டு அதை வரவழைக்கும். முதல் கட்சிக்குப் பொறுமை வேண்டும். ஓநாய்க் கூட்டம் ஒரே இரவில் இருபது, முப்பது கிலோமீற்றர்கூட நடக்கும். நீங்கள் இறைச்சி போட்ட இடத்துக்கு அது திரும்பி வர நாட்கணக்கு ஆகலாம், வராமலும் போகலாம். இரண்டாம் கட்சிக்குத் தொண்டை வேண்டும், காற்றின் திசையும் தெரிந்திருக்க வேண்டும். ஊளையைக் கேட்ட ஓநாய் பலவேளை நேராக வராது. சுற்றி வளைத்துக் காற்று வீசிப் போகும் பக்கமாக வந்து மோந்து பார்க்கும். காது நம்பியதை மூக்கு ஒப்புக்கொண்டால்தான் அடுத்த அடி.

● முயல் அலறுவதுபோல ஊதுகுழலில் ஒலி எழுப்பியும் ஓநாயை அழைப்பார்கள். அதைக் குரல் வேட்டை என்று சொல்ல எனக்கு மனமில்லை. அது காதுக்கு வைத்த இறைச்சி. பசித்தது மட்டுமே அதற்கு வரும். ஊளைக்கு வருவதோ வேறு காரணத்துக்காக: துணை தேடி, அல்லது தன் எல்லைக்குள் வந்தவன் யார் என்று பார்க்க.

● இறைச்சியும் நஞ்சும் தோற்ற இடத்தில் வேறொன்று வென்ற கதைக்கு உலகப் புகழ் உண்டு. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் 'லோபோ' என்ற ஓநாய் மாட்டுப் பட்டிகளை அழித்துக்கொண்டிருந்தது. அதன் தலைக்கு 1,000 டொலர். 1893இன் கடைசியில் எர்னஸ்ட் தொம்சன் சீட்டன் அதைப் பிடிக்கப் போனார். பாற்கட்டியைக் கொழுப்போடு உருக்கி, உள்ளே நஞ்சை வைத்து, மனித வாடையோ இரும்பு வாடையோ படக்கூடாது என்று எலும்புக் கத்தியால் வெட்டி, மாட்டிரத்தத்தில் தோய்த்த கையுறையோடு வழியெங்கும் போட்டு வந்தார். அடுத்த நாள் போய்ப் பார்த்தால் முதல் துண்டு இல்லை, இரண்டாவதும் இல்லை, மூன்றாவதும் இல்லை. மனிதருக்கு ஒரே சந்தோசம். நான்காவது துண்டு கிடந்த இடத்தில் எல்லாம் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. லோபோ ஒவ்வொன்றாகக் கவ்வி வந்து குவித்து, மேலே அசிங்கம் பண்ணிவிட்டுப் போயிருந்தது.

பிறகு அதன் துணையான வெள்ளைப் பெண் ஓநாய் பொறியில் அகப்பட்டது. அதைக் கொன்ற பின்னர் லோபோ இரவெல்லாம் ஊளையிட்டுத் தேடியதாகச் சீட்டனே எழுதுகிறார். அவர் அந்த உடலை நிலத்தில் இழுத்து வாடையைப் பரப்பினார், அதன் பாதத்தை வெட்டியெடுத்துப் பொறிகளின் மேல் தடம் பதித்தார். லோபோவின் நான்கு கால்களும் நான்கு பொறிகளில் மாட்டின. 1894 ஜனவரி 31இல் அது செத்தது. எந்த உணவுக்கும் ஏமாறாத மிருகம் உறவின் வாடைக்கு வந்தது. சீட்டன் அதன் பிறகு மிருகங்களின் பக்கம் நின்று எழுதத் தொடங்கினார். எழுதாமல் இருக்க முடிந்திருந்தால்தான் ஆச்சரியம்.

● உறவைக் காட்டி அழைக்கும் இந்த உத்திக்குச் சங்கத் தமிழில் தனிச்சொல்லே இருந்தது: பார்வை. கண்ணால் காண்பதல்ல. தன் இனத்தை வரவழைப்பதற்காகப் பழக்கிக் கட்டி வைக்கும் மிருகத்துக்கு அந்தப் பெயர். பெரும்பாணாற்றுப்படையில் வேட்டுவர் குடிசைக்கு முன்னால் விளாமரத்தில் ஒரு பார்வை மான் கட்டியிருக்கிறது.

புறநானூற்றின் 320ஆம் பாட்டு இன்னும் ஒரு படி மேலே போகும். முற்றத்தில் யானை வேட்டுவன் அசந்து தூங்குகிறான். கட்டி வைத்த பெண்மானைத் தேடி ஓர் ஆண்மான் வந்து அதனோடு கூடி நிற்கிறது. உத்தி பலித்துவிட்டது, தட்டி எழுப்பினால் இறைச்சி. வேட்டுவனின் மனைவியோ மூச்சுக் காட்டாமல் நிற்கிறாள். அவன் விழித்துவிடக் கூடாது, மான்கள் பிரிந்துவிடக் கூடாது. அந்த நேரத்தில், தோலில் காயப்போட்ட தினையைக் காட்டுக்கோழியும் இதல் என்ற பறவையும் தின்று தீர்க்கின்றன. வேட்டையைப் பற்றி உலகத்தார் எழுதியதில் இதற்கு நிகரான ஒன்றை நான் இன்னும் வாசிக்கவில்லை.

● தமிழ்நாட்டு நரிக்குறவர்கள் நரியின் ஊளையை வாயாலேயே எழுப்பி, ஓடிவரும் நரியை வலையில் பிடித்தவர்கள். குருவிக்காரர் என்ற பெயரில் 1909இல் எட்கர் தர்ஸ்டன் அவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். இன்று இந்தியாவில் நரி சட்டத்தால் காக்கப்பட்ட விலங்கு. ஊளையிட்ட வாய்கள் திருவிழாக் கூட்டத்தில் பாசிமணி கூவி விற்கின்றன.

● நரிக்கொம்பு வைத்திருந்தால் வழக்கில் வெல்லலாமா? வென்றிருக்கிறார்கள்! நரிக்கூட்டத்தின் தலைவனுக்கு நெற்றியில் மயிருக்குள் அரை அங்குலக் கொம்பு முளைக்கும், அது கையிலிருந்தால் நினைத்தது நடக்கும் என்று இலங்கையில் சிங்களவரும் தமிழரும் நம்பியதை எமர்சன் ரெனன்ற் 1861இல் எழுதினார். பல தடவை தோற்ற ஒரு வழக்காளி, கடைசி விசாரணைக்கு முன்னால் கொம்பொன்றைத் தேடியெடுத்துத் தன் நண்பர்களுக்குக் காட்டினாராம். இனி இவருக்கு எதிராகத் தீர்ப்பு வராது என்று பயந்து எதிர்த்தரப்புச் சாட்சிகள் சொல்லை மாற்றிவிட்டார்கள். கொம்பு வேலை செய்தது நீதிபதியிடம் அல்ல, சாட்சிகளிடம்.

● அதே ரெனன்ற் நேரில் கண்டவர் சொன்னதாக எழுதும் இன்னொரு சங்கதி: நரி தான் பிடித்த இரையைப் பற்றைக்குள் மறைத்துவிட்டு, ஒன்றும் அறியாததுபோல வெளியே வந்து நோட்டம் பார்க்கும். ஆள் அரவம் கேட்டால்? ஒரு நரி பக்கத்தில் கிடந்த தேங்காய் மட்டையைக் கவ்விக்கொண்டு, அதுதான் இரை என்பதுபோல ஓட்டம் பிடித்ததாம். துரத்துகிறவன் மட்டைக்குப் பின்னால் ஓட, இறைச்சி பற்றைக்குள் பத்திரம். மனிதனுக்கே பொய் இரை வைத்த நரி!

● மணியடித்து மான் பிடித்த கதை நொக்ஸிடம் இருக்கிறது. மழை தூறும் இருட்டில் ஒருவன் தலையில் நெருப்புச் சட்டியோடும் கையில் சின்ன மணிகளோடும் முன்னே போவான், வில்லுக்காரர் பின்னே வருவார்கள். வெளிச்சத்தைப் பார்த்து மிருகம் மலைத்து நிற்கும், மணிச்சத்தத்தில் காலடி கேட்காது. கொம்பன் யானையைப் பிடிக்கும் வழியையும் சொல்கிறார். பழகிய பெண்யானைகளைக் காட்டுக்குக் கொண்டுபோனால் போதும். ஆண்யானை ஊர், தெரு எல்லாம் கடந்து அரண்மனை வாசல் வரை அவற்றின் பின்னாலேயே வந்துவிடும். சங்கப் பாட்டின் பார்வை மான் இங்கே யானையாகிவிட்டது.

● நொக்ஸும் இப்படி அழைத்துப் பிடிக்கப்பட்டவர்தான், அதுவும் நம் வீட்டு வாசலில். கிளிவெட்டிக்கு வடக்கே, மூதூர்க் கரையில். 'ஆன்' என்ற கப்பல் பாய்மரம் பழுதாகிக் கொட்டியார்க் குடாவில் நின்றது. கண்டி அரசனின் திசாவை படையோடு வந்து, கப்பல் தலைவருக்கு அரசரிடமிருந்து கடிதம் இருக்கிறது, கரைக்கு வரட்டும் என்று ஆளனுப்பினார். தலைவர் நொக்ஸின் தகப்பன். கரைக்கு வந்து புளியமரத்தடியில் இருந்தவரைச் சுற்றிவளைத்தார்கள். 1660இல் தகப்பனும் மகனுமாகப் பதினாறு பேர் அகப்பட்டார்கள். தகப்பன் அடுத்த வருடமே இறந்தார். மகன் தப்பியது 1679இல். இறைச்சியும் இல்லை, ஊளையும் இல்லை, ஒரு கடிதம் போதுமாக இருந்தது.

● உத்தரப் பிரதேசத்தின் பஹ்ராய்ச்சில் 2024இல் ஓநாய்கள் குழந்தைகளைத் தூக்கின. குறைந்தது எட்டுப் பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். வனத்துறையினர் நிறம் நிறமான துணிப் பொம்மைகளைக் குழந்தைகளின் மூத்திரத்தில் நனைத்து ஆற்றோரங்களில் வைத்தார்கள். மனித வாடை படக்கூடாது என்று சீட்டன் கையுறை போட்டார். இவர்களோ மனித வாடையையே இரையாக வைத்தார்கள். செப்டெம்பர் நடுப்பகுதிக்குள் ஐந்து ஓநாய்கள் பிடிபட்டன. ஆறாவதை ஒக்டோபரில் ஊரார் அடித்துக் கொன்றார்கள்.

● 1875 முதல் 1925 வரையான ஐம்பது வருடங்களில் பிரித்தானிய இந்தியாவில் பரிசுப் பணத்துக்காகக் கொல்லப்பட்ட ஓநாய்கள் இரண்டு இலட்சத்துக்கும் மேல் என்று வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன் கணக்கிட்டிருக்கிறார். புலிகள் எண்பதாயிரம்.

● ஜிம் கோர்பெட் குமாவோனில் தாக் என்ற ஊரின் ஆட்கொல்லிப் பெண்புலிக்கு இரை கட்டிப் பார்த்துச் சலித்தார். 1938 நவம்பர் 30, பொழுது சாயும் நேரம், ஆண்புலியைப்போலக் குரல் கொடுத்தார். புலி பதில் சொல்லிக்கொண்டே வந்து சேர்ந்தது.

● கனடாவின் அல்கொன்குவின் பூங்காவில் 1963 முதல் பொதுமக்களைக் கூட்டிப்போய் ஓநாய்க்கு ஊளையிடுகிறார்கள். கையில் துவக்கில்லை. அதிகாரி ஒருவர் இருட்டைப் பார்த்து ஊளையிடுவார், அதிர்ஷ்டம் இருந்தால் தூரத்திலிருந்து பதில் வரும், கேட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். கணக்கெடுப்புக்கும் இதே வழிதான். புதிதாய் அடித்த இரையோ குட்டிகளோ பக்கத்தில் இருந்தால் கூட்டம் இடத்தைவிட்டு அசையாமல் பதில் சொல்லும். தனித்துத் திரியும் ஓநாய் பெரும்பாலும் வாயைத் திறக்காது. தன் இடம் இது என்று சொல்ல அதற்கு இடமில்லை.

● வடதுருவத்து இனுயிற் மக்கள் அந்தக் காலத்தில் கூராக்கிய திமிங்கிலத் தாடைத் தகட்டைச் சுருட்டி, கொழுப்புக்குள் வைத்து உறையவிட்டு எறிவார்கள். ஓநாய் விழுங்கும். வயிற்றுச் சூட்டில் கொழுப்பு உருக, தகடு விரிந்து குடலைக் கிழிக்கும்.

● இதைக் கொடூரம் என்று நினைத்தீர்களானால் நம் வயல்கரைக்கு வாருங்கள். பன்றிக்கென்று பூசணிக்காயிலும் வெள்ளரிக்காயிலும் மீனிலும் வெடிமருந்தைப் பொதிந்து வைப்பதற்கு இங்கே 'ஹக்கபட்டாஸ்' என்று பெயர். தமிழ்நாட்டில் அவுட்டுக்காய். கடித்தால் வாய் வெடிக்கும். பன்றிக்கு வைத்தது பன்றிக்கே போகும் என்று எந்தப் பூசணிக்காய்க்கும் தெரியாது. யானைக்கன்று கடிக்கும், பட்டி மாடு கடிக்கும், காவலுக்குக் கூட வந்த நாய் கடிக்கும். தாடை சிதறிய யானை உடனே சாவதில்லை. தின்ன முடியாமல், நாட்கணக்கில் பட்டினி கிடந்து சாகிறது. 2023இல் இலங்கையில் செத்த யானைகள் 488, எல்லாக் காரணங்களும் சேர்த்து. அந்தக் காரணங்களில் இந்த வெடிக்கு முக்கிய இடம் உண்டு. கேரளத்தின் பாலக்காட்டில் 2020 மே மாதம் வாய் சிதறிய கர்ப்பிணி யானை ஆற்றுத் தண்ணீருக்குள் நின்றபடியே செத்ததை நீங்களும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள்.

வெள்ளாமையைப் பன்றி உழுது போட்டவனின் வயிற்றெரிச்சலை நான் மறுக்கவில்லை. ஆனாலும் குரல் கொடுத்து வேட்டையாடியவனுக்கு யாரை அழைக்கிறேன் என்றாவது தெரிந்திருந்தது. கட்டுத்துவக்கும் வெடிக்காயும் வைக்கிறவன் வீட்டில் தூங்குகிறான். யார் வந்தது என்பது விடிந்த பிறகுதான் அவனுக்கே தெரியும்.

● சேருவில–அல்லை சரணாலயப் பக்கத்து வரம்புகளில் நடக்கும்போது, யாரும் பயிரிடாத இடத்தில் ஒரு பூசணிக்காயோ வெள்ளரிக்காயோ தனியாகக் கிடந்தால் எடுக்காதீர்கள், உதைக்காதீர்கள், பிள்ளைகளையும் மாடுகளையும் விலக்கி நிறுத்துங்கள். வனசீவராசிகள் திணைக்களத்தின் அவசர இலக்கம் 1992.